கையெழுத்து வைக்கும் முன்

அன்பு மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது, மகளுக்குப் பரீட்சை முடிந்தது, பெரியவர் இன்னமும் அந்தக் காணிக் கதையை விடவில்லை. ரக்பி லீக் (என்.ஆர்.எல்.) கிராண்ட் ஃபைனல் இரவு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் உனக்குத் தொண்டை கட்டிப்போய் என்ன சொல்கிறாய் என்றே விளங்கவில்லை. 2006-க்குப் பிறகு இந்த 2025-ல்தான் உன் பிரிஸ்பேன் பிரோங்கோஸுக்கு முதல் கோப்பை, நீ கத்தாமல் வேறு யார் கத்துவது! உன் சந்தோஷத்துக்கு நடுவில் என் கவலையைக் கொண்டுவந்து கொட்ட வேண்டாம் என்றுதான் அப்போது பேசாமல் இருந்தேன். இப்போது உன்னிடம் கேட்டே ஆக வேண்டிய ஒரு விஷயம் வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பொடியனை நினைவிருக்கிறதா? போனமுறை நீ சிட்னிக்கு, எங்கள் டூங்காபிக்கு வந்தபோது மதிலுக்கு மேலால் பந்தடித்து உன் வெள்ளைச் சட்டையை நாசமாக்கினானே, அவன்தான். இப்போது 16 வயது, என்னைவிட உயரம். 17 வயதுக்கு உட்பட்டோர் ஹெரால்ட் மேத்யூஸ் கோப்பைக்கு ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டிருக்கிறது, அதோடு சேர்த்துப் பல வருட ஒப்பந்தமும் நீட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் பேசும் மேனேஜர் என்று ஒருவர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். அப்பாவுக்குக் கிடங்கில் இரவு வேலை. சனிக்கிழமை காலையில் வேலை முடிந்து வந்தவர், தூங்கக்கூடப் போகாமல் காகிதக் கட்டோடு என் வாசலில் நிற்கிறார். "நீ கணக்காளன்தானே, வாசித்துச் சொல்" என்றார்.

போய் அவர்கள் குசினி மேசையில் இருந்து வடிவாக வாசித்தேன். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அந்த ஒட்டுத்தாள்களை மட்டும் பார்த்துப் புரட்டினால் நடுவில் இருக்கும் எதையும் வாசிக்காமலே முடித்துவிடலாம். பொடியன் ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றபடி சீரியல் சாப்பிட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். காசுக் கணக்கு எனக்குச் சிரமமில்லை, அதை ஒன்றொன்றாகச் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அப்பா கேட்டார்: "இவன் வருவானா?"

மச்சான், அதற்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது. இந்த ஆட்டத்தில் 16, 17 வயதில் 'வருவான்', பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்று சொல்லப்பட்டவர்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் என்று யோசித்தால், முதலில் என் கண்முன் வந்து நிற்பது என் அணியான வெஸ்ட்ஸ் டைகர்ஸில் ஆடிய நம்ம புரூக்ஸ்தான்.

2013-ல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் டிராகன்ஸ் அணிக்கு எதிராக லூக் புரூக்ஸ் முதல்முறை இறங்கிய ஆட்டத்தை ஹோம்புஷ் ஃபிளாட்டில் எல்லாரும் சேர்ந்துதானே பார்த்தோம். 18 வயது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளி முடிவெடுக்கும்வரை அவன் காத்திருந்த விதத்தைப் பார்த்து நீயே கதிரையை விட்டு எழும்பிவிட்டாய், பிரோங்கோஸ்காரன் நீ! வென்றோம். அடுத்த நாளே 'அடுத்த ஆண்ட்ரூ ஜோன்ஸ்' என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஜோன்ஸ் யார்? இம்மார்ட்டல், அதாவது ஆட்டத்தில் அழியாப் புகழ் பெற்றவர் என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கும் ஒருசிலரில் ஒருவர். ஒரே ஒரு ஆட்டம் ஆடிய பிள்ளையின் தலையில் அந்தப் பெயரைத் தூக்கி வைத்தார்கள், பிறகு பத்து வருடமாக அந்தப் பெயரை வைத்துத்தான் அவனை அளந்தார்கள்.

டைகர்ஸுக்கு அவன் 200-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினான், அதில் ஒரு ஃபைனல்ஸ் ஆட்டம்கூட, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்று ஆட்டம்கூட இல்லை. 2018-ல் அந்த வருடத்தின் சிறந்த ஹாஃப்பேக் (7-ஆம் நம்பரில் நின்று ஆட்டத்தை நடத்துபவன்) என்ற, என்.ஆர்.எல்.லின் டாலி எம் விருது அவனுக்குத்தான், அந்த வருடமும் நாங்கள் ஒன்பதாம் இடம், ஃபைனல்ஸுக்கு எட்டு அணிக்குத்தானே வழி. 7-ஆம் நம்பர் சட்டை போட்டவனுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் முன்னால் ஃபார்வேர்ட்கள் இடத்தைப் பிடித்துத் தராவிட்டால், ஐந்தாவது டாக்கிளில் (ஆறாவது முறை மடக்கினால் பந்து எதிராளிக்கு) சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, மூன்று பேர் பாய்ந்து வர வர உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தான். தோற்றால் கேமரா அவன் முகத்தில் போய் நிற்கும். 2017-ல் டெடெஸ்கோ, மோசஸ், வுட்ஸ், புரூக்ஸ் நான்கு பேரின் ஒப்பந்தமும் ஒன்றாக முடிய, மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள், இவன் மட்டும் நின்றான். நின்றதற்காக ஒருவரும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை.

என்னை வாட்டுவது கோச் விஷயம். புரூக்ஸ் டைகர்ஸில் இருந்த காலத்தில், இடைக்காலத்துக்கு வந்தவர்களை விட்டாலும் பாட்டர், டெய்லர், கிளியரி, மக்வையர், ஷீன்ஸ் என்று ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த 2018-ல் கோச்சாக இருந்தவர் ஐவன் கிளியரி. அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தத்தில் இன்னும் காலம் இருக்கும்போதே, நம்ம பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கிப் பென்ரித் அணிக்குப் போனார். அங்கே 7-ஆம் நம்பர் யார்? அவருடைய சொந்த மகன் நேத்தன். 2021, 22, 23, 24 என்று தொடர்ந்து நான்கு கோப்பை. மக்வையரை நாங்கள் 2022-ல் நடு சீசனில் அனுப்பினோம், அவர்தான் இந்த வருடம் உனக்குக் கோப்பை எடுத்துத் தந்தவர். அந்த இரண்டு கோச்சிடமும் ஆடியவன்தானே புரூக்ஸும்? அப்படியென்றால் குறை அவனிடம் மட்டும் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

நேத்தன் கிளியரி பெரிய ஆட்டக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2023 கிராண்ட் ஃபைனலில் 24-8 என்று உன் ஆட்கள் முன்னால் நிற்க, கடைசி 20 நிமிடத்தில் அவன் செய்ததை நீ மறக்க மாட்டாய், அதைப் பற்றி மேலே எழுதி உன் வயிற்றெரிச்சலைக் கிளப்பவில்லை. ஆனால் அவனைச் சுற்றி இருந்தவர்களைப் பார். ஜரோம் லுவாய், பிரையன் டோஓ எல்லாம் அதே மேற்குச் சிட்னிப் பிள்ளைகள், சின்ன வயதிலிருந்து ஒன்றாக ஆடி வந்தவர்கள். 2020 கிராண்ட் ஃபைனலில் மெல்பர்னிடம் தோற்றார்கள், அன்று நேத்தன் எறிந்த பந்தை எதிராளி நடுவில் பிடித்துக்கொண்டு ஓடி ட்ரை வைத்து நான்கு பாயிண்ட் எடுத்தான். 22 வயது. அடுத்த வருடமும் அதே கோச், அதே நண்பர்கள், அதே மைதானம். அந்தத் தோல்வியைச் சுமக்க அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த வயதில் புரூக்ஸுக்கு யார் இருந்தார்கள், சொல்லு.

கடைசியில் புரூக்ஸ் 2024-ல் மேன்லி அணிக்குப் போய், 29 வயதில் முதல் ஃபைனல்ஸ் ஆட்டம் ஆடினான். புல்டாக்ஸை 24-22 என்று வென்றார்கள். எங்கள் சட்டையில் இல்லை என்றாலும் ரீவிக்கு முன்னால் எழும்பி நின்று கைதட்டினேன், மகள் ஒரு மாதிரி பார்த்தாள்.

நீ இப்போது உங்கள் பிரோங்கோஸ் ரீஸ் வால்ஷைக் கொண்டுவருவாய் என்று தெரியும். 18 வயதில் வாரியர்ஸில் தொடங்கினான், 23 வயதில் கிராண்ட் ஃபைனல் ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் மெடல், திறமை இருந்தால் வராமல் எங்கே போகும் என்பாய். சரி. ஆனால் அதே அணியில் இருந்த பென் ஹன்ட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? 2008-ல் 20 வயதுக்கு உட்பட்டோர் போட்டியின் சிறந்த வீரன் அவன். 2015 கிராண்ட் ஃபைனலில் சமநிலைக்குப் பிறகு முதல் பாயிண்ட் எடுப்பவர் வெல்லும் கோல்டன் பாயிண்டின் முதல் உதையைக் கை நழுவ விட்டான், தர்ஸ்டன் ஒரு பாயிண்டில் முடித்தார், 17-16. அன்று நீ ஹன்ட்டைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, டிராகன்ஸுக்குப் போய்த் திரும்பி வந்து, 35 வயதில் கோப்பையைத் தூக்கினான். எந்த வருடத்தில் நிறுத்தி அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வாய்? 2015-லா, இந்த வருடத்திலா? எனக்கு வால்ஷின் மெடலைவிட அதுதான் இந்த வருடத்தின் பெரிய விஷயம்.

ஆனால் எல்லாருக்கும் 17 வருடம் கிடைப்பதில்லையே. ஆஷ் டெய்லரை எடுத்துக்கொள். 2016-ல் சிறந்த புதுமுகம். பிறகு கோல்ட் கோஸ்ட் அணியில் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் என்று பத்திரிகையெல்லாம் எழுதின. அதன்பிறகு அவன் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் அந்தத் தொகையை வைத்துத்தான் பார்த்தார்கள், ஒரு டாக்கிள் தவறினாலும் மில்லியன் என்ற சொல் வந்துவிடும். 2019-ல் மனம் தாங்காமல் கொஞ்சக் காலம் விலகி இருந்தான். 27 வயதில் இடுப்பு எலும்புக் காயத்தோடு ஆட்டமே முடிந்தது.

இன்னொன்று, இதை அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. புரூக்ஸ் அறிமுகமான அதே 2013-ல், பிப்ரவரி மாதம், எங்கள் கிளப்பிலேயே 20 வயதுப் பிள்ளை ஒருவன் பயிற்சியில் காயப்பட்ட அன்றே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பசிபிக் தீவுக் குடும்பத்துப் பிள்ளை. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நாம் இரண்டு பேரும் போனில் ஒன்றும் கதைக்க முடியாமல் இருந்தோம். என்.ஆர்.எல். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தச் சமூகத்தவர்கள். அந்த வீடுகளில் ஒரு பிள்ளை ஒப்பந்தம் போட்டால் வீட்டுக் கடன், தம்பி தங்கச்சி படிப்பு, ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பும் காசு எல்லாம் அவன் கால்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். நம்ம ஆட்களுக்கும் இது புதிதில்லைதானே. டொக்டர் ஆவான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்த பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம், நம்ம பெரியவர் வீட்டிலேயே பார்த்தோம்.

அதனால்தான் ஜோசப் சுவாலி 17 வயதில் விசேஷ அனுமதியோடு என்.ஆர்.எல்.லில் இறங்கி, கொஞ்ச வருடத்தில் மற்ற வகை ரக்பியான யூனியனுக்குப் போனபோது எல்லாரும் திட்டினாலும் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. 2024-ல் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஆரிஜினில் முதல் பத்து நிமிடத்துக்குள் சிவப்பு அட்டை மாதிரி வெளியே அனுப்பப்பட்டவன், அதே வருடம் நவம்பரில் டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்ட நாயகன். எங்கள் டைகர்ஸில் இருந்த லாக்லன் கேல்வின் விஷயத்தில் மட்டும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, 19 வயதில் எங்களை விட்டுப் புல்டாக்ஸுக்குப் போனான், அவனுக்காக எங்கள் கோச் பென்ஜி மார்ஷல் எவ்வளவு பார்த்தார்! ஆனால் இரவில் படுத்து யோசித்தால், புரூக்ஸ் நின்று என்ன கண்டான் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சரி, பொடியன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் நான் இவ்வளவுதான் சொன்னேன்: அவன் வருவானா என்று யாராலும் சொல்ல முடியாது, மேனேஜராலும் முடியாது. கேட்க வேண்டியது வேறு. அந்தக் கிளப்பில் 17, 19 வயது அணிகளைப் பார்க்கும் கோச் எத்தனை வருடமாக இருக்கிறார்? முழங்கால் போய் ஒரு வருடம் ஆட முடியாவிட்டால் பள்ளிக் காசை யார் கட்டுவார்கள்? அதே காகிதத்தில் அதற்கு ஒரு வரி எழுதித் தருவார்களா? பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க விடுவார்களா, இல்லை பயிற்சி நேரம் பாடத்தைத் தின்றுவிடுமா? வீட்டில் இருந்தே போய்வரலாமா? அவனோடு ஆடும் நம்ம பகுதிப் பிள்ளைகள் வேறு யாரும் அங்கே போகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பொடியன் முதல்முறையாக வாய் திறந்தான், இரண்டு பேர் பெயர் சொன்னான். அம்மா உடனே அவனைத் திரும்பிப் பார்த்தா, அவவுக்கும் அது புதுச் செய்தி.

இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். 'அடுத்த லுவாய்', 'அடுத்த கிளியரி' என்று யாராவது இவனைச் சொன்னால், அது மேனேஜராக இருந்தாலும் சரி தேவாலயத்தில் இருந்து வரும் மாமாவாக இருந்தாலும் சரி, வாசலிலேயே நிறுத்துங்கள் என்றேன். அப்பா சிரித்தார். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

இனி உன் வேலை. நீ இத்தனை வருடமாக ரக்பி ஆடும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாய், ஒப்பந்தம் போட்டவர்களையும் பார்த்திருக்கிறாய், அது முறிந்து திரும்ப வகுப்புக்கு வந்து இருந்தவர்களையும் பார்த்திருக்கிறாய். நான் கணக்காளன், எனக்குத் தெரிவது காகிதம் மட்டும். பள்ளி விஷயத்தில் கிளப்பிடம் என்ன எழுதி வாங்க வேண்டும் என்று நீ அந்த மனுசனோடு கதைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம், அந்த அவசரமே எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டு கிழமை தவணை கேட்கச் சொல்லியிருக்கிறேன். மனுசன் பகலில் தூங்குவார், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எடு, உங்கள் நேரம் நாலு. நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல். ஜனவரியில் வருவதாகச் சொன்னாயே, இந்தமுறை கடைசி நேரத்தில் டிக்கெட்டை மாற்றினால் அம்மா உன்னோடு கதைக்க மாட்டா.

உன் மச்சான்