புதிய ஊர்களில் படிப்பகங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்க்குழுக்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசல், குன்றாண்டார்கோயில் ஒன்றியங்களில் நம் சங்கம் நடத்திவரும் மாலைநேரப் படிப்பகங்கள் இவ்வாண்டு மேலும் மூன்று ஊர்களுக்கு விரிந்துள்ளன. ஐந்து ஊர்களிலிருந்து கோரிக்கை வந்தும் இரண்டை ஒத்திவைத்ததில் உறுப்பினர்கள் சிலருக்கு மனக்குறை உண்டு என்பதை அறிவேன். ஆகவே, எந்த ஊரில் எப்போது தொடங்கலாம் என்பதில் செயற்குழு கைக்கொண்ட அளவுகோலை இவ்வறிக்கையில் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

மாலையில் கூடிப் படிப்பது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல் குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் எழுத்துக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் கற்றார்கள். நம் ஊர்க்குழுக்களின் மூத்த பெண்களில் சிலர் அந்த வகுப்புகளில் எழுத்துக்கூட்டியவர்களே. கொரோனா காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாக இருந்தவர்களும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் பத்து ஊர்களில் பலகை மாட்டிவிடலாம்தான். ஆனால் வெளியிலிருந்து வந்த ஊக்கம் தணிந்ததும் மாலைக்கூட்டமும் கலைந்துபோனதை இவ்வட்டாரம் முன்பே பார்த்திருக்கிறது. ஆகவே, இடத்தையும் மின்கட்டணத்தையும் ஊரே ஏற்கவேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் உள்ள ஊர்க்குழு அமைந்திருக்கவேண்டும், சாவி அக்குழுவிடமே இருக்கவேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறிய பின்னரே தொடக்கம் என முடிவுசெய்தோம்.

இவற்றுள் மிகவும் சிக்கலானது இடம். ஓர் ஊரில் கோயில் மண்டபத்தை மனமுவந்து தர முன்வந்தார்கள். மின்விசிறி, விளக்கு, சுற்றுச்சுவர் எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் காலனிப் பிள்ளைகள் அந்த மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக உட்காருவதற்கு யாரும் தெளிவாக உறுதிகூறவில்லை. காலனிக்கெனத் தனிப் படிப்பகம் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையைச் செயற்குழு ஒருமனதாக மறுத்தது. பேச்சு பல மாதங்கள் இழுத்தபின், மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடத்தில் இரு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர, வகுப்பு தொடங்கியது. இவ்வாண்டின் பணிகளில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒத்திவைத்த இரண்டு ஊர்களிலும் இதே கேள்வி இன்னும் தீரவில்லை.

படிப்பக நேரத்தை மாலை ஐந்தேகாலிலிருந்து ஏழு மணி வரை என மாற்றியிருக்கிறோம். எட்டு மணி வரை நடந்தபோது, ஏழாம் வகுப்பைத் தாண்டிய பெண்பிள்ளைகள் இருட்டுக்கு அஞ்சி ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நேரம் மாறியபின் அவர்களில் பெரும்பாலோர் திரும்பியுள்ளனர்.

வழிநடத்துநர்களைப் பொறுத்தவரை, கல்லூரி படிக்கும் பெண்களையே நாம் நாடிவந்தோம். சிறப்பாகச் செய்கிறார்கள், ஆனால் திருமணமாகி வெளியூர் போய்விடுகிறார்கள். இப்போது ஊருக்கு இருவர், அவர்களில் ஒருவர் அவ்வூருக்கு மருமகளாக வந்தவர் என்று வைத்திருக்கிறோம். பட்டப்படிப்பு முடித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மருமகள்கள் இத்தனை பேர் நம் ஊர்களில் இருப்பது தேடியபோதுதான் தெரிந்தது.

நூல்களுக்குச் சுழற்சிமுறை தொடர்கிறது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போனது. நம் நூற்பெட்டிகள் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் மாதமொருமுறை ஊர் மாறுகின்றன. எனினும் பெட்டிகளோடு நாம் நிறைவடைந்துவிட வேண்டியதில்லை. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. நம் பகுதியில் அவற்றில் சில பூட்டியே கிடக்கின்றன. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். ஆகவே அவற்றைத் திறக்கக் கேட்பது சலுகை கோருவதாகாது. ஊர்க்குழுப் பெண்கள் இதை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் எழுப்பித் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்தார்கள். ஓர் ஊராட்சியில் கட்டடம் திறக்கப்பட்டு, நம் படிப்பகம் அதற்குள் இடம்பெயர்ந்துள்ளது. மற்றவற்றில் பதில் இல்லை.

படிப்பகத்தை ட்யூஷனாக மாற்றவேண்டும் என்று பெற்றோரில் ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, கீரனூருக்கு அனுப்பிக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் அவர்கள். ஆனால் பள்ளி நாளெல்லாம் செய்ததையே மாலையிலும் செய்தால், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை இங்கும் பின்வரிசைக்குத்தான் போகும். முதல் அரைமணி வீட்டுப்பாடம், எஞ்சிய நேரம் உரக்க வாசித்தல், கதை சொல்லல், எளிய அறிவியல் சோதனைகள் என்ற ஏற்பாட்டைத் தற்காலிகமாகச் செய்திருக்கிறோம். இது இருதரப்பாரையும் முழுமையாக நிறைவுசெய்யவில்லை என்பதால், இன்று பேரவை இதை விவாதிக்க வேண்டுகிறேன்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைப்பார். வழிநடத்துநர்களின் மதிப்பூதியம் உறுப்பினர் சந்தாவை நம்பியே இருப்பதையும், சந்தா நிலுவை வைத்திருப்போரில் செயற்குழுவினரும் உண்டு என்பதையும் மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வரும் ஆண்டில் இரண்டு ஊர்களுக்கு மேல் புதிதாகத் தொடங்குவதில்லை என்றும், நிபந்தனை நிறைவேறாத ஊருக்கு, யார் பரிந்துரைத்தாலும், விலக்கு அளிப்பதில்லை என்றும் செயற்குழு முன்மொழிகிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி இவ்வறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்பவேண்டியிருப்பதால், முன்மொழிவின்மீது இன்றே வாக்கெடுத்து, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்