பள்ளிச் சுவரில் உள்ள படங்கள் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. சம்பா அறுவடையும் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்திருப்பதும் உங்களை வீட்டில் இருக்கவிடாத நாள்கள் இவை என்பதை அறிவேன். ஆகவே உங்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல், இக்கடிதத்தை உறையிலிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் முழுவதுமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அரையாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. பத்தாம் வகுப்பில் கணக்குக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றார்கள். மழைக்கால விடுமுறைகளால் தவறிய பாடங்களை ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். மாணவர் வருகையும் சென்ற ஆண்டைவிட நன்றாக இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் உங்கள் ஒத்துழைப்பே காரணம்.

இனி, இக்கடிதம் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். பள்ளியின் தெற்குப்புறச் சுற்றுச்சுவரில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வரைந்த ஓவியங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடுமுறை முடிந்து வந்தபோது அந்தச் சுவரின் பாதிக்கு மேல் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் நினைவஞ்சலி எனப் பதினொரு சுவரொட்டிகள் இருந்தன. வாயிலின் இருபுறமும் இரண்டு ஃப்ளெக்ஸ் பதாகைகள் கட்டப்பட்டிருந்தன. இவற்றில் பெரும்பாலானவை நம் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு நிகழ்ச்சிகளுக்கு உரியவை. எவருடைய மனத்தையும் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் பேசாமல் இருப்பதும் சரியன்று எனக் கருதுகிறேன்.

அந்தச் சுவர் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆவணி மாதத்தில் மாணவர்களைத் திருவாரூர் தியாகராஜர் கோயிலில் உள்ள தேவாசிரிய மண்டபத்துக்கு அழைத்துச் சென்றோம். அதன் விதானத்தில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்கள் இருக்கின்றன. குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த கதை, வரிசை வரிசையாக, ஒவ்வொரு காட்சியின் கீழும் தமிழில் குறிப்புடன் வரையப்பட்டிருக்கிறது. தேவலோகத்துக் கதைதான், ஆனால் அதில் வரும் ஊர்வலமும் வாத்தியக்காரர்களும் வாண வேடிக்கையும் அக்காலத்துத் திருவாரூர்த் திருவிழாவையே காட்டுகின்றன. அதை வரைந்த ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் எழுதி, தம் உருவத்தையும் அங்கே வரைந்திருக்கிறார். அரசர்களையும் தேவர்களையும் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளைகள் அந்த ஓவியரின் முன்னால்தான் நெடுநேரம் நின்றார்கள். வேலை செய்தவரின் பெயரும் சுவரில் இருக்கலாம் என்பது அவர்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

திரும்பி வந்ததும் ஓவிய ஆசிரியர் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத உங்கள் பாட்டி, ஒரு சுவரொட்டியைப் பார்த்தவுடன் அது துக்கச் செய்தியா, நல்ல செய்தியா என்று எப்படிக் கண்டுகொள்கிறார்? பிள்ளைகள் சொன்ன விடைகளை நான் குறித்து வைத்திருக்கிறேன். கறுப்புக் கரை, எரியும் ஒற்றை விளக்கு, கண்ணீர் வழியும் கண் ஆகியவை இருந்தால் துக்கம். மஞ்சளும் சிவப்பும் வாழைமரமும் இருந்தால் விசேஷம். பிறகு ஒரு மாணவி எழுந்து, வாசலில் கோலம் இல்லாத வீட்டைப் பார்த்தாலே துக்கம் நடந்திருப்பது தெரிந்துவிடும் என்றாள். இருக்கும் படம் மட்டுமன்றி, இல்லாத படமும் பொருள் சொல்லும் என்பதை அந்தக் குழந்தை எங்களுக்கு விளங்க வைத்தாள். மார்கழியில் சாணத்தில் செருகிய பூசணிப்பூவும், விசேஷ நாளில் மாக்கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவியும், எவரும் பாடமாகக் கற்பிக்காமலே நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக எழுதியும் படித்தும் வருகிற மொழி அல்லவா?

அந்த வகுப்பிலிருந்துதான் சுவர் ஓவியம் தொடங்கியது. எதை வரைவது என்பதை ஆசிரியர்கள் முடிவு செய்யவில்லை. பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்டு வந்து, வாதாடித் தீர்மானித்தார்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்கு இழுத்துச் செல்லும் சப்பரம், நடவு நடும் பெண்கள், கூடு கட்டியிருக்கும் நாரைகள், உலோகச் சிலை வார்ப்பதற்காகச் சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டல் மண்ணால் மெழுகு உருவத்தை மூடும் காட்சி, ஒரு மசூதியின் மினாரும் மாதா கோயில் கொடிமரமும் தெரியும் நாகூர், வேளாங்கண்ணி வழிச் சாலை என எல்லாம் சுவருக்கு வந்தன. நடவுப் பெண்களை வரைந்த மாணவி, முதல் ஆளாக நிற்பவரின் புடவைக்குத் தன் தாயார் வயலுக்குக் கட்டிச் செல்லும் புடவையின் நிறத்தையே தீட்டினாள். வேலை முடிந்து அவ்வழியே வரும்போது அந்தத் தாயார் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவதை நான் என் அறை சன்னலிலிருந்து கண்டிருக்கிறேன். சிங்காதனத்தைப் பார்த்துவந்த பிள்ளைகள் சுவரின் ஓரத்தில் தங்கள் பெயர்களையும் எழுதினார்கள். இப்போது அந்தப் பெயர்களின் மேல்தான் ஒரு சுவரொட்டி இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் வருவது உலக வழக்கம்தானே, தஞ்சைப் பெரிய கோயிலிலேயே அப்படித்தானே இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி, அதற்கு உரிய விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இராசராச சோழன் 1010-இல் கட்டி முடித்த அக்கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருந்தன. பின்னர் நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் புதிய சுதைப் பூச்சு இட்டு வேறு ஓவியங்களைத் தீட்டினார்கள். மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் இருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளை யானையில் கயிலை செல்லும் சுந்தரரையும் குதிரையில் விரையும் சேரமான் பெருமாளையும் நாம் இன்று காண முடிவது அதனால்தான். நாயக்கர் கால ஓவியர்களும் கைத்தேர்ச்சியோடு, நாள் கணக்கில் உழைத்து, தம் காலத்து நம்பிக்கையை அங்கே எழுதினார்கள். அவர்கள் ஓவியமும் நமக்குச் செல்வமே. தொல்லியல் துறையினர் மேலடுக்கைக்கூட அழிக்காமல், அதைத் தனியே பெயர்த்தெடுத்துப் பாதுகாக்க வழி கண்டார்கள். மைதாப் பசையில் ஒட்டிய தாளோ ஒரு வாரத்தில் வெளுத்து, ஒரு மழையில் தொங்கி, உரிக்கும்போது அடியில் உள்ள வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. பணியாளர்கள் மூன்று சுவரொட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். சப்பரத்தின் சக்கரங்கள் தாளோடு போய்விட்டன.

சுவரொட்டி ஒட்டுவதை நான் இழிவாகக் கருதவில்லை. ஒருவர் இறந்தால் அவர் முகத்தை ஊர் கடைசியாக ஒருமுறை பார்த்து வணங்குவதற்கு இன்று அதுவே வழியாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் வயல் வேலை செய்து மறைந்த ஒரு மூதாட்டியின் படம், வாழ்நாளில் முதன்முறையாகச் சுவரில் பெரிதாக வந்திருப்பதைப் பார்த்து நானும் கலங்கியிருக்கிறேன். தாய்மாமன்மார் சீர்வரிசையோடு பதாகையும் வைப்பதில் அன்பும் குடும்பப் பெருமையும் இருக்கின்றன. படத்துக்கு ஆற்றல் இருப்பதால்தான் நாம் அதை வைக்கிறோம். அந்த ஆற்றல் பிள்ளைகளின் மேலும் செயல்படுகிறது என்பதால்தான் அடுத்து வரும் இரண்டு செய்திகளைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

முதலாவது, மாணவியரின் படங்கள். நான் முன்பு பணியாற்றிய வேறோர் ஊரில், மஞ்சள் நீராட்டு விழாப் பதாகையில் ஒரு மாணவியின் படம் பள்ளி வாயிலருகே வைக்கப்பட்டது. பதாகையை எடுத்த பிறகும் அவள் பல நாள்கள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் கேட்கப் போனபோது, “எல்லாரும் பாத்துட்டாங்க டீச்சர்” என்ற ஒன்றை மட்டுமே அழுதுகொண்டே சொன்னாள். பெற்றோர் மகிழ்ச்சியோடு செய்த ஒன்று, தன் உடலைப் பற்றிய செய்தியைத் தெரு முழுதும் அறிவித்ததாக அந்தக் குழந்தைக்குப் பட்டது. நம் பள்ளி மாணவி எவரையும் அந்நிலைக்கு ஆளாக்க நான் இடம் கொடுக்க மாட்டேன். விழா எடுப்பது உங்கள் உரிமை. அந்தப் படத்தைப் பள்ளியைச் சுற்றி எங்கும் வைக்கக் கூடாது.

இரண்டாவது, சுவரொட்டிகளின் மூலைகளில் இடம்பெறும் சமுதாயத் தலைவர்களின் படங்களும் கொடி நிறங்களும். பெரியவர்கள் அதை வழக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பிள்ளைகள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டுச் சுவரொட்டி மேலே இருக்கிறது, எது கிழிக்கப்பட்டது என்ற பேச்சு ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி, இரண்டு நாள் யார் யாருடன் உட்காருவது என்பது வரை வந்தது. ஒன்றாக நின்று அந்தச் சுவரை வரைந்த பிள்ளைகள் அவர்கள். பள்ளிச் சுவரில் அனுமதியின்றி ஒட்டுவது, திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். எனினும் நம் பிள்ளைகளின் வீட்டார் மீது புகார் எழுதும் நிலை எனக்கு வரக் கூடாது என்றே விரும்புகிறேன்.

மாற்று ஏற்பாடு ஒன்றும் செய்திருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சியும் கலந்து பேசி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய காலியிடத்தில் தகரப் பலகை ஒன்றை நட இசைந்திருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள் அந்தந்தக் குடும்பத்தாரே தங்கள் சுவரொட்டியை எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. துக்கச் செய்தி எனில், பிள்ளை வழியாகத் தெரிவித்தாலே போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்து மௌன அஞ்சலி செலுத்துவோம்.

இரண்டு குடும்பத்தார், செய்தி அறிந்தவுடன் தாங்களே வந்து, தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் தங்கள் சுவரொட்டிகளைப் பதமாக எடுத்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் துக்கம் நிகழ்ந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. அந்த இரு குடும்பங்களுக்கும், வண்ணம் வாங்க நன்கொடை அளித்த வணிகர்களுக்கும், ஓவியம் வரைந்த நாள்களில் பிள்ளைகளுக்கு மோரும் சுண்டலும் கொடுத்தனுப்பிய தாய்மார்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பல தலைமுறைகளாக இப்பள்ளியைத் தாங்கி நிற்பவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுத முடிந்தது.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சுவரைச் சீர்செய்யும் பணி தொடங்கும். அறுவடை வேலை இல்லாதவர்கள் ஒரு மணி நேரமாவது வந்து உதவலாம். வாளியும் பழைய துணியும் கொண்டுவந்தால் போதும். தூரிகையும் வண்ணமும் பள்ளியில் இருக்கின்றன. சப்பரத்தின் சக்கரங்களைப் பிள்ளைகளே மீண்டும் வரைந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தலைமையாசிரியர்