இல்லத்தரசிக்கும் ஒரு படி: நிதி அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மொரிசியஸ் நிதி அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதுகிறேன். 2022 பட்ஜெட்டில், மாதம் 50,000 ரூபாய் வரை சம்பாதிப்பவர்களுக்கு 1,000 ரூபாய் வருமானப் படி அறிவிக்கப்பட்டது. ஜூலையிலிருந்து கொடுக்கவும் தொடங்கினீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் சி.எஸ்.ஜி. என்னும் சமூகப் பங்களிப்பைக் கட்டும் தொழிலாளிக்கும் சுயதொழில் செய்பவருக்கும்தான் அது. வீட்டோடு இருக்கும் பெண்கள் கணக்கிலேயே வரவில்லை. எண்ணெயும் பால்மாவும் விலை ஏறியபோது, கடையில் நின்று விலையைப் பார்த்துத் திகைத்தது யார் என்று நினைத்தீர்கள்?

பக்கத்து வீட்டுப் பெண் பருப்பு அரைத்து, காத்தோ பிமா என்னும் மிளகாய் வடை சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் என்று பதிந்து மாதம் 150 ரூபாய் சி.எஸ்.ஜி. கட்டியிருந்தால் அவர் அந்தப் படிக்குத் தகுதி பெற்றிருப்பார். அதே பருப்பை அரைத்து, அதே எண்ணெயில் சுட்டு, மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் தட்டில் வைத்திருந்தால் தகுதி கிடைத்திருக்காது.

கணவருக்குத்தான் கொடுத்தோமே என்பீர்கள். சரி, இருவரும் தலைக்கு 45,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு இரண்டு படி போனது. அதில் பாதிகூட இல்லாத ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு ஒன்றுதான். இது என்ன கணக்கு?

எங்களை அரசாங்கத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வரிப் படிவத்தில் கணவரைச் சார்ந்தவர் என்று எங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறீர்கள். முதல் சார்ந்தவருக்கு, வரிக்குரிய வருமானத்தில் ஆண்டுக்கு 110,000 ரூபாய் கழிவு. பலன் கணவருக்கு, அதுவும் அவர் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்தால்தான். கரும்புத் தோட்டத்திலோ துணி ஆலையிலோ குறைந்த சம்பளம் வாங்குபவரின் வீட்டுக்கு அந்த வழியிலும் ஒன்றும் வராது.

எங்களில் பலருக்குச் சொந்தப் பெயரில் அரசாங்கப் பணம் என்று வந்ததே அறுபது வயது ஓய்வூதியம்தான். சம்பளம் வாங்கினாயா, பங்களிப்பு கட்டினாயா என்று அது கேட்டதில்லை. 2025 ஜூன் பட்ஜெட்டில் அந்த வயதையும் கொஞ்சம் கொஞ்சமாக 65-க்குத் தள்ள முடிவு செய்தீர்கள். (ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருப்பதில் எங்களுக்கு ஏகப் பெருமை. தாள்தான் கைக்கு வரத் தாமதமாகிறது.)

நாங்கள் கேட்பது இதுதான். இனி எந்தப் படியை அறிவித்தாலும், கணவரின் சம்பளம் வரம்புக்குள் இருந்தால், சொந்த வருமானம் இல்லாத மனைவிக்கும் ஒன்று கொடுங்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிலிருந்து தொடங்கினாலும் சம்மதம். ஆனால் கணவர் கணக்கில் சேர்த்துப் போட வேண்டாம். அவள் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் நல்லவர்தான், எல்லா வீட்டிலும் அப்படி இல்லை.

பட்ஜெட்டுக்கு முன்னால் தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் அழைத்துப் பேசுகிறீர்கள். எங்களுக்குச் சங்கம் கிடையாது. அடுத்த முறை எங்களில் சிலரையும் கூப்பிடுங்கள். அரிசி விலையும் காஸ் விலையும் தாளைப் பார்க்காமலே சொல்வோம்.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி