ஏற்காட்டுக்கு மின்கார் ஏறும், கரண்ட் ஏறுமா?

போக்குவரத்துத் துறை, மின்வாரியம், சேலம் மாவட்ட நிர்வாகம் ஆகியோருக்கு வணக்கம்.

புதிய பெட்ரோல் கார் விற்பனையை எந்த ஆண்டோடு நிறுத்தலாம் என்ற பேச்சு இங்கும் அடிபடுகிறது. பிரிட்டன் 2030 என்றது, 2035க்குத் தள்ளியது, மறுபடி 2030க்கே வந்தது. நார்வே தடைச் சட்டமே போடவில்லை. பெட்ரோல் காருக்கு வரியை ஏற்றி, மின்காருக்கு விலக்கு கொடுத்தது; 2024இல் அங்கு விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது மின்கார். மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2019இல் மூன்று சக்கர வண்டிக்கு 2023, 150 சிசிக்கு உட்பட்ட பைக்குக்கு 2025 என்று யோசனை சொன்னது. இரண்டு தேதியும் கடந்தாயிற்று. சேலம் ஐந்து ரோட்டில் ஐந்து நிமிடம் நின்றால் அது என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

மலைக்கு மின்வண்டி சரிப்படாது என்பதுதான் சேலத்தில் அடிக்கடி கேட்கும் மறுப்பு. அது தவறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போக உயரம் சுமார் 1,200 மீட்டர். ஒன்றரை டன் கார் ஏற 7 யூனிட் அளவுக்குச் செலவாகும். 30 யூனிட் பேட்டரியில் கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே. மேலே காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் இழுவை குறையும், மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மலிவு ஸ்கூட்டர்கள்தான் இரண்டு பேரோடு மெதுவாக ஏறும்போது சூடாகிப் பவரைக் குறைத்துக்கொள்ளும்.

இறக்கத்தில் மோட்டாரே பிரேக் போல வண்டியைப் பிடித்து மின்சாரம் தயாரிக்கும்; 2.5 முதல் 3 யூனிட் வரை பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் மேலே 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிரேக் வேலை செய்யாது, முழுச் சுமையும் பிரேக் பேடுக்கு வரும், பேட் காய்ந்து பிடிமானம் போகும். ஏற்காட்டில் எங்கு சார்ஜர் வைத்தாலும் 85 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லிப் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். செலவில்லாத வேலை.

உண்மையான சிக்கல் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. மலை முழுக்கப் பாறை. எர்த்துக்கான 3 மீட்டர் பைப்பை நேராக இறக்க முடியாத இடங்களே அதிகம். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடும். உடனே யாராவது சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒயரால் இணைத்துவிடுவார்கள், சார்ஜும் ஏறும். லைனில் நியூட்ரல் அறுந்த அன்று கார் பாடி முழுக்க மின்சாரம் பாயும். பைப் இறங்காத இடத்தில் இரும்புப் பட்டையைக் கிடையாகப் புதைத்து, இரண்டு மூன்று குழிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அளந்து எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழை முடிந்த கையோடு அளந்தால் எல்லாக் குழியும் பாஸ்தான்.

வீட்டு வயரிங்கும் அப்படியே. 15 ஆம்பியர் பிளக்கில் 3.3 கிலோவாட் சார்ஜர் மணிக்கணக்கில் ஓடினால் பழைய 2.5 சதுர மில்லி வயரும் தளர்ந்த சாக்கெட்டும் சூடாகி உருகலாம். தனி 4 சதுர மில்லி செம்பு வயர், சுமை மீறினால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி: இது இல்லாமல் இணைப்புக்கு அனுமதி தராதீர்கள். எஸ்டேட் லைன் கடைசியில் மாலை நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று டிரான்ஸ்பார்மர் வாரியாக அளந்து வெளியிடுங்கள்.

கரியில் ஓடும் மேட்டூர் அனல்மின் நிலையத்தைக் காட்டி, புகை இடம்தானே மாறுகிறது என்பார்கள். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, நம் கிரிட்டில் (நாட்டின் மின்கட்டமைப்பில்) வரும் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. கிலோமீட்டர் கணக்கில் மின்காருக்குக் கார்பன் கொஞ்சம் குறைவு. பிரமாத வித்தியாசம் இன்றைக்கு இல்லை.

எங்கள் கோரிக்கை இதுதான். தடை என்று வந்தால் நகருக்குள் ஓடும் ஆட்டோவில் தொடங்குங்கள், கார் கடைசியில் வரட்டும். மலையில் எர்த்தும் வோல்டேஜும் அளந்த பட்டியல் வெளிவரும் வரை ஏற்காடு தாலுகாவுக்குத் தேதி குறிக்காதீர்கள். மின்காரில் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிளைத் தொடும் முன், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றவும், 1,000 வோல்ட் தாங்கும் கையுறை போடவும் சிறு ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு ஐடிஐயில் மாலை நேரப் பயிற்சி கொடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்து மெக்கானிக்குகள், வயர்மேன்கள்