ட்விட்டர் அல்ல, ட்வீட்டர்

கும்பகோணம்,
ஆவணி 5.

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உன் பெரிய மகளின் வளைகாப்புக்கு வர முடியாமல் போனதற்கு உன் வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் கேட்க மாட்டேன், என் மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து நேராகப் பந்திக்கு வந்து உட்கார்ந்தவன் நீ.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நீ கேட்பாய். ஆனி மாதக் கடைசியில் தொலைபேசியில், "என் ட்வீட்டர் போய்விட்டது" என்று நான் துக்கத்தோடு சொன்னேன். "நல்லதாகப் போயிற்று, இந்த வயதில் ஊர் வம்பு நமக்கு எதற்கு" என்று தொடங்கிக் கால் மணி நேரம் உபதேசம் செய்தாய். ஒலிபெருக்கிப் பெட்டியில் உச்ச ஒலிகளைத் தருகிற சின்ன ஸ்பீக்கருக்காக நான் புலம்பிக்கொண்டிருக்க, நீ என்னை ட்விட்டர் கணக்கை மூடச் சொல்லிக்கொண்டிருந்தாய். விடுதி அறையில் வால்வு ரேடியோவைப் பிரித்துப் பாயில் பரப்பி எனக்கு ஓம் விதியைக் கற்றுக்கொடுத்தவன் இவன்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஆகவே எழுதிவிடுகிறேன். எழுத்தில் அதற்குக் குறில், இதற்கு நெடில், குழப்பம் வராது.

வைகாசியில் சென்னை போயிருந்தபோது, மந்தைவெளியில் ஒருவர் வீட்டைக் காலிசெய்து மகனோடு வெளிநாடு போகிறார் என்று தெரிந்து, அவருடைய ஒலிபெருக்கி ஜோடியைப் பார்க்கப் போனேன். இங்கிலாந்தில் செய்தவை, முப்பது வயதிருக்கும், புத்தக அலமாரியில் அடங்கும் உயரம், கீழே தாழ்ந்த ஒலிகளுக்கான 6 அங்குல வூஃபர், மேலே துணியாலான குமிழ் வடிவ 25 மில்லிமீட்டர் டோம் ட்வீட்டர். பெண் பார்க்கப் போனவன் சொஜ்ஜி பஜ்ஜியில் மயங்கிய கதையாக, அந்த அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, தெருவில் பேருந்துகள் ஹாரன் அடிக்க அடிக்கப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, 11,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். இரண்டையும் போர்வையில் சுற்றி இரயிலில் மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். பேரக்குழந்தையைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை என்பது வீட்டில் இன்றுவரை குற்றச்சாட்டாக இருக்கிறது.

வீட்டில் முதலில் வெறும் தம்புரா நாதத்தை ஓடவிட்டேன். தம்புராவின் உயிர், குதிரை என்கிற பாலத்துக்கும் தந்திக்கும் இடையில் வைக்கிற அந்த ஜீவா நூலில் இருக்கிறது. அதுதான் தந்தியின் மேல் சுரங்களையெல்லாம் கிளப்பிவிடுகிறது. சி. வி. ராமன் 1921இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று பௌதிக வகுப்பில் நம் வாத்தியார் மேசையைத் தட்டிச் சொன்னது நினைவிருக்கும். இடப்பக்கப் பெட்டியில் அந்த ரீங்காரம் ஓரளவு இருந்தது. வலப்பக்கப் பெட்டியிலோ போர்வைக்குள்ளிருந்து யாரோ மீட்டுவது போல இருந்தது. பிறகு ஒரு கச்சேரியைப் போட்டேன். மிருதங்கத்தில் இடக்கைப் பக்கமான தொப்பி கேட்டது, வலக்கைப் பக்கமான வலந்தலையில் விழுகிற 'நம்' கேட்கவில்லை. பாடகரின் சகாரமெல்லாம் மழுங்கியிருந்தது.

இங்கேதான் என் வேதனை ஆரம்பித்தது, சுந்தரம். பெட்டி பழுது என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. என் வலக்காது போய்விட்டது என்று தோன்றியது. அறுபத்து மூன்று வயதில் எது முதலில் போகும் என்று யாரைக் கேட்டாலும் உச்ச ஒலிகள்தான் என்பார்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். மங்கல் இடக்காதுக்கு மாறினால் பழுது பெட்டியில், மாறாவிட்டால் காதில் என்பது என் கணக்கு. ஒரு நாள் மாறியது போல இருந்தது, மறுநாள் மாறாதது போல இருந்தது. பயந்தவன் காதுக்கு எல்லாமே சந்தேகம்தான். "பெட்டியோடும் சண்டையா?" என்று கேட்டுவிட்டு இவள் உள்ளே போய்விட்டாள்.

நான்கு இரவுகள் தூங்கவில்லை. பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன். வரைபடம் 250 ஹெர்ட்சிலிருந்து 8,000 வரை. 2,000 வரை தரையில் நடப்பது போல நேராகப் போகிற கோடு, 4,000க்கு அப்பால் படிக்கட்டில் இறங்குகிறது. ஆனால் இரண்டு காதுகளிலும் ஒரே அளவாக இறங்குகிறது! நீ சிரிக்கலாம், என் இரண்டு காதுகளும் சமமாகக் கெட்டிருக்கின்றன என்ற செய்தி கேட்டு நான் வாசலிலிருந்த கடையில் ஜிகர்தண்டா வாங்கிக் குடித்தேன். குற்றவாளி பெட்டிதான் என்று உறுதியாயிற்று.

அதன் பிறகு செய்தவையெல்லாம் நீ கற்றுக்கொடுத்த முறைப்படி. ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் வயர்களை மாற்றிச் சொருகினேன்; மங்கல் அதே பெட்டியில் நின்றது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. ட்வீட்டரைக் கழற்றும்போது அதன் பின்னாலிருந்த காந்தம் ஸ்க்ரூடிரைவரை என் கையிலிருந்து பிடுங்கி இழுத்தது. டோமுக்கு ஒரு நூல் தள்ளித் தகட்டில் 'டங்' என்று போய் ஒட்டியது. என் நெஞ்சிலும் அதே சத்தம். வயர்களை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். 8 ஓம் ட்வீட்டரின் காயில், அதாவது உள்ளேயிருக்கும் கம்பிச்சுருள், நல்ல நிலையில் இருந்தால் மீட்டரில் 6 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும், காயில் அறுந்திருந்தால் முள்ளே அசையாது என்பாய். காட்டியது 5.8. காயில் உயிரோடிருந்தது.

அடுத்த சந்தேகம், ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்புகிற கிராஸ்ஓவரில், தாழ்ந்த ஒலிகளை விடாமல் ட்வீட்டருக்கு முன்னால் காவலுக்கு நிற்கிற கண்டன்சர் மீது. முப்பது வருட எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் உள்ளே காய்ந்துபோயிருக்கும் என்று நினைத்து, 4.7 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன் கண்டன்சர்கள் இரண்டு வாங்கி இரண்டு பெட்டிகளிலும் மாற்றினேன். முன்னேற்றம் என்றால், மூன்று போர்வைகளில் ஒன்றை எடுத்தது போல.

இந்த இடத்தில் நான் பொறுமை இழந்தேன். மகளைப் பார்க்கப் போகும் சாக்கில், மின்னணுச் சாமான்கள் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஒரு கடையில் மாதிரியைக் காட்டினேன். கடைப் பையன் அதைக் கையில்கூட வாங்காமல், "இதெல்லாம் கிடைக்காது சார், இதைப் போடுங்க, சும்மா பிச்சிக்கும்" என்று பளபளவென்று ஒன்றை நீட்டினான். அட்டையில் 94 டெசிபல் என்று போட்டிருந்தது. என் பெட்டியின் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு அது தருகிற சத்தம், 87. ஏழு டெசிபல் என்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு மின்சக்தி கொடுத்தது போலாகும் என்பதை அந்த நேரத்தில் என் மூளை எடுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் அது நிஜமாகவே பிய்த்துக்கொண்டது. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் பாத்திரக்கடையில் பூனை புகுந்தது போல ஒலித்தது. ட்வீட்டரை மாற்றுவது பல்பை மாற்றுவது போல அல்ல. உணர்திறன் பொருந்த வேண்டும், அதன் சொந்த அதிர்வெண் கிராஸ்ஓவர் புள்ளிக்கு வெகு கீழே இருக்க வேண்டும், மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் 900 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியவர் எங்கள் தெருக்கோடி மைக் செட் அண்ணன். ஆடி மாதம் முழுவதும் ஊரில் உள்ள அத்தனை அம்மன் கோயில்களுக்கும் குழாய் கட்டப் போய்விட்டார், ஆள் கையில் கிடைக்கவில்லை. ஆடி கழிந்து ஒரு மத்தியானம் வந்தார். கால்சட்டைப் பருவத்திலிருந்து கூம்புக் குழாய்களின் யூனிட்டுக்குக் காயில் மாற்றிப் பழகிய கை. "அது மாடு, இது கன்று. வேற ஒண்ணும் இல்லை" என்றார். மீட்டரைத் தொடவே இல்லை. சுண்டுவிரல் நுனியால் இடப்பக்க டோமின் விளிம்பை மெல்லத் தொட்டார். அது மூச்சு விடுவது போல உள்ளே போய் வந்தது. வலப்பக்கத்தைத் தொட்டார்; வெல்லப்பாகில் சிக்கிய ஈயைப் போல அசைந்தும் அசையாமலும் இருந்தது. "உள்ளே ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

ஒட்டிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? காந்த எண்ணெய், ஃபெர்ரோஃப்ளூயிட். 1963இல் நாசாவின் ஸ்டீவ் பேப்பல், எடையில்லாத வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துப் பிடிக்கலாமா என்று யோசித்து உருவாக்கிய சரக்கு. எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள் மிதக்கின்றன. பிற்காலத்தில் அதை ட்வீட்டரின் காயில் ஆடுகிற இடுக்கில் விட்டார்கள். காயிலின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்துகிறது, தேவையற்ற துள்ளலையும் அடக்குகிறது. வருடங்கள் ஆக ஆக எண்ணெய் வற்றிப் பிசினாகிவிடுகிறது. காயில் அறுவதில்லை, ஆகவே மீட்டரில் எந்தக் குற்றமும் தெரிவதில்லை. ஆனால் ஆட முடிவதில்லை. நான் இரண்டு மாதம் தேடிய நோயை ஒரு சுண்டுவிரல் கண்டுபிடித்தது.

முகப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, தகட்டுக்கும் காந்தத்துக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, டோமை நேராக மேலே தூக்கினோம். இடுக்கில் பழைய புளிக் கரைசல் போலப் பழுப்பு நிறத்தில் அப்பியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, வட்டம் முழுவதும் ஓட்டி ஓட்டி எடுத்தோம். பதினேழு கீற்றுகள். பதினெட்டாவது வெள்ளையாக வெளியே வந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்; "இடதுபக்கமும் எப்படியும் பாதி காய்ந்திருக்கும்" என்று அதையும் நானே திறந்தேன். டோமைச் சற்றே சாய்த்துத் தூக்கிவிட்டேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி முனையத்தருகே அறுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அறுந்த நுனியின் எனாமலைப் பிளேடால் சுரண்டி, ஈயம் பூசி, பழைய இயர்ஃபோன் வயரிலிருந்து உருவிய ஒற்றை இழையைச் சேர்த்துப் பற்றவைத்தார். அதிர்வில் மறுபடி அறாமலிருக்க இழையை இறுக்காமல் சின்ன வளைவு விட்டு, பசையில் ஒரு பொட்டு வைத்தார். புது எண்ணெய்க் குப்பியை முன்பே வரவழைத்து வைத்திருந்தேன். இன்சுலின் ஊசிக் குழாயால் 0.2 மில்லிலிட்டர் விட்டோம். சொட்டு விழுந்ததுதான் தாமதம், காந்தம் இழுக்க, அது தானாகவே இருபுறமும் ஓடி வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு மோதிரமாக நின்றது. அதைப் பார்ப்பதற்காகவே நீ இங்கு இருந்திருக்க வேண்டும். வயர்களைத் திரும்பப் பற்றவைத்ததும் தம்புராவை ஓடவிட்டேன். போர்வை இல்லை. அண்ணன் கூலி வாங்க மறுத்தார். இன்னொரு முறை தம்புராவைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது வேறொன்று, விளையாட்டில்லாமல். குறில் நெடில் குழப்பத்தை மன்னித்துவிடலாம். அன்று அதே பேச்சில், பெட்டியின் மூலையில் பெயர்ந்த மரத்தாளை ஒட்ட ஆசாரி வரவில்லை என்றேன். "ஆதார் வரவில்லையா, இ-சேவை மையத்துக்குப் போ" என்றாய். போன பொங்கலுக்கும் இதேபோல இரண்டு முறை நடந்தது. சகாரம் தகாரமாகக் கேட்பது என் வலப்பக்கப் பெட்டிக்கு வந்த அதே நோய். சாதாரணத் தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்சிலிருந்து 3,400 வரைதான் கடத்துகிறது. அது ட்வீட்டர் இல்லாத பெட்டி. அதன் மேல் நம் வயதுக் காதும் சேர்ந்தால் மெய்யெழுத்துகள் உதிர்ந்துபோகின்றன. இப்போதெல்லாம் நீ அதிகமாக "ம், ம்" என்று மட்டும் சொல்வது, கோபத்தால் என்று நான் நினைத்திருந்தேன். கோயம்புத்தூரில் காது மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டு வா. வரைபடத்தை எனக்கு அனுப்பு. என்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். யாருடையது அதிகம் சரிந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். தோற்பவன் மங்களாம்பிகா ஓட்டலில் காப்பி வாங்கித் தர வேண்டும்.

புரட்டாசியில் கட்டாயம் வா. வரும்போது உன் பேத்தியையும் அழைத்து வா. இரண்டு பெட்டிகளும் மேல் வரிசையில் சமமாக ஒலிக்கின்றனவா என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. பத்து வயதுக் காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உன்னுடைய மெல்லிய முனை சால்டரிங் அயர்னையும் எடுத்துக்கொண்டு வா. என்னுடையதை அண்ணன் இரவல் வாங்கிப்போய், விநாயகர் சதுர்த்தி முடிந்துதான் தருவேன் என்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.