நகல் எந்திரத்தில் விட்டுவந்த தாள்

அன்புள்ள தோழிக்கு,

எட்டு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாதவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால் அதில் ஏதோ காரியம் இருக்கும் என்று நீ இந்நேரம் கணித்திருப்பாய். கணிப்பு சரிதான், ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்வேன். இங்கு அனைவரும் நலம்.

நான் வேறு பள்ளியில் ஆசிரியர் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வெளியே எவருக்கும் தெரியாது; தெரிந்தால், போகப்போகிறவளுக்கு எதற்கு என்று மேல்வகுப்புகளைப் பறித்துவிடுவார்கள். ஆனால் விண்ணப்பிக்கும் இடங்களில் எல்லாம் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டுமாம், அதிலும் ஒன்று இப்போதைய தலைமையாசிரியருடையதாக இருந்தால் நலமாம். எவரிடமிருந்து மறைக்கிறேனோ அவரிடமே போய் நற்சான்று கேட்பதாவது!

சென்ற மாதம் என் தன்விவரக் குறிப்பைப் பள்ளியிலேயே நகலெடுத்தேன். முட்டாள்தனம்தான், திட்டிக்கொள். மணி அடித்ததும் நகல்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். மூலத்தாள் எந்திரத்தின் மூடிக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது பாடத்தின் நடுவில்தான் உறைத்தது. இடைவேளையில் நம் இயற்பியல் சார், ஒரு நாளைக்கு ஒன்பது சொற்களுக்கு மேல் பேசாத அதே மனிதர், ஒரு வருகைப் பதிவேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திறந்தால், நான்காக மடித்த அந்தத் தாள். இரண்டாம் பத்தியில் ஓர் எழுத்துப்பிழையைப் பென்சிலால் திருத்தியிருந்தார்.

மறுநாள் அவரிடமே ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டேன். என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்தவர் என்பதால், ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்’ என்று எவருக்கும் பொருந்தும்படி எழுதாமல், அன்று ஒரு மாணவனின் தவறான விடையை வைத்தே நான் பாடத்தை நடத்தியதை எழுதியிருக்கிறார். இரண்டாவது கடிதம், நாம் பெரியம்மா என்று அழைத்த, ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. அவரிடம் இரகசியம் கசியாது. ஆனால் எடுத்த வகுப்புகள், செய்த வேலைகள், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால்தான் பேனாவைத் தொடுவேன் என்றுவிட்டார். ‘இப்போதைய பள்ளியைத் தொடர்புகொள்ளலாமா’ என்ற கேள்விக்கு, பணி உறுதியான பின்பு கொள்ளலாம் என்று எழுதிவிட்டேன். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனாலும் மனம் உறுத்துகிறது. நீ போன பிறகு வந்த இந்தத் தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். அடுத்த ஆண்டுக் கால அட்டவணையைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்கும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. வேலை கிடைத்தால், வேறொருவர் வாய்வழியாக அவர் கேள்விப்படும் முன் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது காரியம். மூன்றாவது கடிதத்தை நீ எழுத வேண்டும். நான்கு ஆண்டுகள் ஒரு மரத்தடுப்புக்கு அப்பாலிருந்து என் குரலைக் கேட்டவள் நீ. நட்பை எழுதாதே, கேட்டதையும் கண்டதையும் எழுது. மனமில்லை என்றால் மறுத்துவிடு. அரைமனதான கடிதத்துக்கு அது மேல். எனக்கு அனுப்பாமல் நேரே நான் விண்ணப்பிக்கும் பள்ளிக்கே அனுப்பு, மூன்று வாரம் இருக்கிறது. பதிலை என் சொந்த மின்னஞ்சலுக்கு எழுது, பள்ளித் தொலைபேசியில் மட்டும் அழைக்காதே.

பல்லி விழுந்த நாளைக் கடிதத்தில் சேர்த்தாயானால் உன்னைப் பற்றி நானும் எழுத வேண்டிவரும்.

அன்புடன்,
உன் பக்கத்து வகுப்புக்காரி