கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு வைப்பவர்களுக்கு

ஆள்சேர்ப்பு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த நாட்டு ராணுவம் என்று நான் குறிப்பிடவில்லை, வேண்டுமென்றேதான். தமிழ் படிக்கிறவர்கள் இன்று பல கொடிகளுக்குக் கீழே வாழ்கிறார்கள், உங்கள் மேஜையோ எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பளபளப்பான துண்டறிக்கை, ஒரு பேனா, பின்னால் சுவரில் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் ஒருவன். அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தபோது எனக்கு 19 வயது. இப்போது என் அக்கா மகன் அதே மாதிரி ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து நீட்டி, "மாமா, போகலாமா?" என்று கேட்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ராணுவத்தைத் திட்ட வரவில்லை. ஒப்பந்தக் காலத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கையில் ஒழுங்காகச் சம்பளம் வந்தது, எங்கே படுத்தாலும் தூங்கக் கற்றுக்கொண்டேன், நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல் கிளம்பி வருகிற நாலு பேர் கிடைத்தார்கள். வேறெந்த வேலையில் சேர்ந்திருந்தாலும் அந்த நாலு பேர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ஹெலிகாப்டர் விஷயம். என் பணிக்காலம் முழுக்க ஹெலிகாப்டரை நான் கிட்டத்தில் பார்த்தது மூன்று முறை, அதில் ஒரு முறை அது பழுதாகி நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்த வேலை கிடங்கில். போர்வை எண்ணுவது, பூட்ஸ் எண்ணுவது, எண்ணியதை ஒருவர் சரிபார்ப்பது, சரிபார்த்ததை இன்னொருவர் தப்பு என்று சொல்வது, மறுபடி எண்ணுவது. ஒரு படையில் துப்பாக்கி தூக்கி முன்னே நிற்கிறவர்களுக்குப் பின்னால் சமையல், வண்டி, மருத்துவம், தகவல் தொடர்பு, கணக்கு என்று பெருங்கூட்டமே இருக்கிறது, சேருகிறவர்களில் நிறையப் பேர் போய்ச் சேருவது அங்கேதான் என்று உங்களுக்குத் தெரியும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஏன் அதைச் சுவரில் ஒட்டுவதில்லை? போர்வை எண்ணுகிறவன் படத்தைப் பார்த்துவிட்டும் ஒருவன் சேருகிறான் என்றால் அவன்தான் நிலைத்து நிற்பான்.

எந்தப் பிரிவு என்பதுதான் ஒரு பையனின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது, அதைப் பற்றித்தான் உங்கள் மேஜையில் பேச்சு குறைவு. என்னோடு பயிற்சி எடுத்தவர்களில் மெக்கானிக்காகப் போனவன் வெளியே வந்த அடுத்த மாதமே வேலையில் இருந்தான். காலாட்படையில் இருந்தவன் என்னைவிடத் திறமைசாலி, அவனுக்கு நேர்முகத் தேர்வில் தன்னுடைய வேலை என்ன என்று விளக்கவே வாய் வரவில்லை. இந்தப் பிரிவில் கிடைக்கும் சான்றிதழ் வெளியே செல்லுமா, பிரிவை நான் தேர்ந்தெடுக்கலாமா அல்லது நீங்கள் போடுகிற இடமா, கேட்ட பிரிவு கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமா என்று பையன்கள் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்கத் தெரியாது. தெரிந்த நீங்கள் சொல்ல வேண்டும்.

என் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தில் எங்கெல்லாம் கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி ஏற்கெனவே போட்டிருந்தது. நான் படிக்கப் போனபோது எதிரே இருந்தவர் பக்கத்தைப் புரட்டி, "இதெல்லாம் சம்பிரதாயம் தம்பி" என்றார். சிறுவயதில் எனக்கு மூச்சு இழுப்பு இருந்தது, அதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்போது இருக்கிறதா? இல்லையே, அப்படியானால் எழுத வேண்டாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அந்த மாதம் அவருக்கு இன்னும் எத்தனை தலைகள் தேவைப்பட்டதோ தெரியாது. எனக்கு இழுப்பு திரும்ப வரவில்லை, அது என் அதிர்ஷ்டம். வந்திருந்தால் உண்மையை மறைத்துச் சேர்ந்தவன் என்று வெளியே போவது நான், அவர் அல்ல. படிவத்தின் அடியில் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன், சலிப்பான பகுதி, ஆனால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. எத்தனை வருடம் என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறீர்கள், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வால் இருக்கிறது. அமெரிக்காவில் நாலு வருடம் என்று சேருகிறவருக்கு மொத்தக் கடமை பொதுவாக 8 வருடம், சீருடையைக் கழற்றிய பிறகும் மிச்ச வருடங்களுக்குப் பெயர் ரிசர்வ் பட்டியலில், அதாவது தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும் பட்டியலில், இருக்கும். 2004-ல் அப்படி வீட்டுக்குப் போயிருந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வெளிநாட்டுக்காரர்களும் சேரக்கூடிய அயல்நாட்டுப் படையில் முதல் ஒப்பந்தமே 5 வருடம். இந்தியாவில் 2022-ல் அக்னிபாத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபோது கணக்கே வேறு: நாலு வருடம், முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்கு ஒரு மொத்தத் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. சில இடத்தில் வெளியே வருவது கஷ்டம், சில இடத்தில் உள்ளே இருப்பது கஷ்டம். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு உட்காருகிறவன் எத்தனை பேர்?

வயதையும் பாருங்கள். குழந்தைகள் உரிமை உடன்படிக்கைக்கு 2000-ல் ஒரு கூடுதல் நெறிமுறை வந்தது, 18 வயது ஆகாதவர்கள் சண்டையில் நேரடியாக ஈடுபடாமல் நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. விரும்பிச் சேருவதற்கு மட்டும் அதற்குக் கீழே இடம் விட்டுவைத்தார்கள், பிரிட்டனில் பெற்றோர் சம்மதித்தால் 16 வயதிலேயே சேரலாம். மீசை முளைக்காத பையன் கையெழுத்துப் போடலாம் என்று சட்டம் சொன்னால் சரி, ஆனால் அவனுக்கு யோசிக்க நாலு நாள் கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே.

உடம்பைப் பற்றியும் ஒன்று. பயிற்சியின் முதல் வாரங்களில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் முடி மாதிரி விரிசல் விழுவது எந்த முகாமிலும் புதிதல்ல, ஓடிப் பழகாத காலோடு வந்து திடீரென்று தினமும் சுமையோடு ஓடினால் அப்படித்தான் ஆகும். சேருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே மெதுவாக ஓடச் சொன்னால் பாதிப் பிரச்சினை குறையும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. காது இன்னொன்று. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு வாங்கும் காரணங்களில் பல வருடங்களாக முதலிடத்தில் இருப்பது காது இரைச்சல்தான். கிடங்கில் இருந்த எனக்கே, சுடும் பயிற்சிக்குப் போய் வந்த நாட்களின் கணக்கில், வலது காதுக்குள் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. இரவில் வீடு அடங்கினால்தான் அது கச்சேரியைத் தொடங்கும்.

இப்போது நீங்கள் வாயே திறக்காத விஷயம். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாரா என்று கேட்பீர்கள், பையன் நெஞ்சை நிமிர்த்தித் தயார் என்பான், அந்த வயதில் சாவு என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு வருவது. உயிரை எடுக்கத் தயாரா என்று நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலையின் நடுவில் இருப்பது அதுதான், போர்வை எண்ணுகிறவனும் அதற்காகத்தான் எண்ணுகிறான். எனக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. வந்த ஒருவன் என் நண்பன், அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை. மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது என்பதையும் அவனுக்கு யாரும் மேஜையில் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்குக்குப் பிறகு, 1950-ல், ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் அதை எழுதியே வைத்தது: மறுக்க வழி இருந்தும் குற்றமான உத்தரவைச் செய்தவன், உத்தரவு என்ற காரணத்தால் பொறுப்பிலிருந்து விடுபடமாட்டான். 19 வயதுக்காரன் தலையில் இவ்வளவு பெரிய பொறுப்பை வைக்கிறோம், அதைச் சொல்லிவிட்டு வைக்கலாம்.

அக்கா மகனிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. அக்கா சொல்லச் சொன்னாள், அதனால் ஒரு வாரம் அவளோடு பேச்சு இல்லை. அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: சம்பளத்துக்காகப் போகிறாய் என்றால் அதை உனக்கே ஒத்துக்கொண்டு போ, அதில் வெட்கமில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தப்பிக்கப் போகிறாய் என்றால் கொஞ்சம் பொறு, ஏனென்றால் அங்கே உன்னைத் திட்டுவதற்கு ஒரு பட்டாளமே இருக்கிறது.

அடுத்த வாரம் உங்களில் ஒருவர் முன்னால் வந்து உட்காருவான். ஒல்லியாக இருப்பான், கையில் ஒரு நோட்டு இருக்கும், அதில் பதினான்கு கேள்விகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். சிலவற்றை அவனே எழுதினான், கையெழுத்து மோசமாக இருப்பதெல்லாம் என்னுடையவை. பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். படிவத்தை அவன் பக்கமாகத் திருப்பி வையுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு நகல் கொடுங்கள். பென்சில் குறி எதுவும் வேண்டாம், எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவனே தேடிக்கொள்வான்.

இப்படிக்கு,
முன்னாள் கிடங்குக்காரன்